ஒற்றர் தலைவரின் ரகசியம்

ரொம்பத் தந்திரக்காரரான ஒருவரைப் பார்த்து, "அவன் லேசுப்பட்டவன் இல்லை, சரியான எம்டன்!" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறீர்களா குழந்தைகளே?

எம்டன் என்பது ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர். முதல் உலகப் போர் தொடங்கிய சில வாரங்களில், 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் தேதி இரவு, அது சென்னைத் துறைமுகத்துக்கு அருகே வந்தது. பீரங்கியால் சுட்டு எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு இருளில் மறைந்தது. அந்தக் கப்பலின் பெயர் நம் பேச்சில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்டது.

அந்த எம்டனுக்கு ஓர் இரட்டைச் சகோதரி உண்டு. அதன் பெயர் டிரெஸ்டன். ஒரே மாதிரியில் கட்டப்பட்டவை இந்த இரண்டு கப்பல்கள் மட்டும்தான். டிரெஸ்டனில் வில்ஹெல்ம் கனாரிஸ் என்ற இளம் அதிகாரி இருந்தார். சாதாரணக் கடற்படை அதிகாரியான அவர், பின்னாளில் ஜெர்மனியின் ராணுவ ஒற்றர்களுக்கெல்லாம் தலைவரானார். அவர் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

தப்பிய ஒரே கப்பல்

கனாரிஸ் 1887ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி ஜெர்மனியில் பிறந்தவர். 1905இல் கடற்படையில் சேர்ந்தார். தென் அமெரிக்கக் கடற்பகுதியில் பணியாற்றியபோது ஸ்பானிய மொழியை நன்றாகக் கற்றுக்கொண்டார். அப்போது அது வெறும் மொழி ஆர்வம். பின்னால் அதுவே அவர் உயிரைக் காப்பாற்றியது. எப்படி என்று கொஞ்ச நேரத்தில் பார்ப்போம்.

1914 டிசம்பர் 8ஆம் தேதி தென் அட்லாண்டிக் கடலில், ஃபாக்லாந்து தீவுகளுக்கு அருகே பெரிய கடற்போர் நடந்தது. ஐந்து ஜெர்மானியப் போர்க்கப்பல்களை ஆங்கிலேயக் கப்பல்கள் துரத்தின. நான்கு மூழ்கிவிட்டன. தப்பிய ஒரே போர்க்கப்பல் டிரெஸ்டன்! எம்டனில் பழைய வகை நீராவி இயந்திரம் இருந்தது. டிரெஸ்டனில் இருந்ததோ டர்பைன் என்னும் புதிய வகை இயந்திரம். அதன் வேகம்தான் கப்பலைக் காப்பாற்றியது.

சகோதரி எம்டன் அதற்கு ஒரு மாதம் முன்பே, நவம்பர் 9ஆம் தேதி, இந்தியப் பெருங்கடலில் கோகோஸ் தீவு அருகே அழிந்துபோயிருந்தது.

அடுத்த மூன்று மாதங்கள் டிரெஸ்டன் தென் அமெரிக்காவின் தெற்கு முனையில், மலைகளுக்கு நடுவே உள்ள குறுகிய கடல் வழிகளில் ஒளிந்து விளையாடியது. ஒளிந்தால் போதுமா? எரிக்க நிலக்கரி வேண்டாமா? எதிரி எங்கே இருக்கிறான் என்று தெரிய வேண்டாமா? துறைமுக நகரங்களில் இருந்த ஜெர்மானியர்களோடு தொடர்பு வைத்துக்கொண்டு இந்தச் செய்திகளைத் திரட்டியவர் கனாரிஸ். ஒற்றர் வேலையில் அவருடைய முதல் பாடம் இதுதான்.

ராபின்சன் குரூசோ தீவில்

1915 மார்ச் 14ஆம் தேதி, சிலி நாட்டுக்குச் சொந்தமான ஒரு தீவின் கரையோரம் நின்றிருந்த டிரெஸ்டனை ஆங்கிலேயக் கப்பல்கள் கண்டுபிடித்துவிட்டன. அந்தத் தீவைப் பற்றி ஒரு சுவையான செய்தி: அலெக்சாண்டர் செல்கிர்க் என்ற மாலுமி 1704 முதல் 1709 வரை தன்னந்தனியாக வாழ்ந்த தீவு அது. அவருடைய அனுபவம்தான் 'ராபின்சன் குரூசோ' கதைக்குத் தூண்டுதலாக இருந்தது என்பார்கள். 1966இல் அந்தத் தீவுக்கே ராபின்சன் குரூசோ தீவு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

டிரெஸ்டனால் ஓட முடியவில்லை. கப்பல் தலைவர் லூடெக்கே, கனாரிசை ஒரு படகில் எதிரிக் கப்பலுக்குத் தூது அனுப்பினார். "சிலி எந்தப் பக்கமும் சேராத நாடு. அதன் கடல் எல்லைக்குள் சுடுவது சட்டப்படி தவறு" என்று வாதாடினார் கனாரிஸ். ஆங்கிலேயத் தலைவர் ஏற்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சில் நேரம் கிடைத்தது அல்லவா? அதற்குள் டிரெஸ்டன் மாலுமிகள் தங்கள் கப்பலைத் தாங்களே மூழ்கடிக்க எல்லா ஏற்பாடுகளையும் முடித்துவிட்டார்கள். கப்பல் எதிரி கையில் சிக்காமல் கடலுக்குள் போனது.

குதிரையில் ஒரு பயணம்

உயிர் தப்பிய மாலுமிகளைச் சிலி அரசு ஒரு தீவில் காவலில் வைத்தது. 1915 ஆகஸ்டில் கனாரிஸ் அங்கிருந்து தப்பினார். பூமியின் தென் பாதியில் ஆகஸ்ட் மாதம் குளிர்காலம் என்று புவியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்தக் குளிரில் ஆண்டிஸ் மலைத்தொடரைக் குதிரையில் கடந்து அர்ஜென்டினாவுக்குள் நுழைந்தார்!

அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போக வேண்டும். நடுவில் உள்ள கடல் முழுவதும் ஆங்கிலேயர் கட்டுப்பாட்டில். கனாரிஸ் 'ரீட் ரோசாஸ்' என்ற பெயரில் சிலி நாட்டுப் பாஸ்போர்ட் ஒன்றை வைத்துக்கொண்டு நெதர்லாந்து நாட்டுக் கப்பலில் ஏறினார். அந்தக் கப்பல் வழியில் எங்கே நின்றது தெரியுமா? இங்கிலாந்தில் உள்ள பிளைமவுத் துறைமுகத்தில்! சிங்கத்தின் குகைக்குள்ளேயே போய்விட்டு, யாருக்கும் சந்தேகம் வராமல் வெளியே வந்தார். அக்டோபர் மாதம் ஜெர்மனி போய்ச் சேர்ந்தார். எப்போதோ கற்ற ஸ்பானிய மொழி கைகொடுத்தது பார்த்தீர்களா?

இப்படிப்பட்டவரை மேலதிகாரிகள் சும்மா விடுவார்களா? உடனே ஸ்பெயினுக்கு ஒற்றராக அனுப்பினார்கள். எந்தத் துறைமுகத்திலிருந்து எந்தக் கப்பல் கிளம்புகிறது என்று செய்தி திரட்டுவது அவர் வேலை. சினிமாவில் வருவதுபோல் துப்பாக்கிச் சண்டையோ கார் துரத்தலோ அதில் இல்லை. காது கொடுத்துக் கேட்பது, நினைவில் வைத்துக்கொள்வது, பொறுமையாகக் காத்திருப்பது, இவ்வளவுதான். வேலை முடிந்ததும் 1916 அக்டோபரில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் ஸ்பெயின் கரையோரம் வந்து அவரை ரகசியமாக ஏற்றிச் சென்றது. போர் முடிவதற்குள் கனாரிசே நீர்மூழ்கிக் கப்பல் தலைவராகவும் ஆகிவிட்டார்.

மேஜை மேல் மூன்று குரங்குகள்

காலம் ஓடியது. 1933இல் ஹிட்லர் ஜெர்மனியின் ஆட்சியைப் பிடித்தார். 1935 ஜனவரி முதல் தேதி, தமது 48ஆவது பிறந்த நாளில், கனாரிஸ் 'ஆப்வேர்' என்னும் ராணுவ உளவுத் துறையின் தலைவரானார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தொடக்கத்தில் கனாரிசும் ஹிட்லரை வரவேற்றவர்தான். தோற்றுப்போன நாட்டை இவர் தலைநிமிர வைப்பார் என்று நம்பியவர்களில் அவரும் ஒருவர். பக்கத்து நாடுகள் மீது ஜெர்மனி படையெடுத்தபோது அவருடைய ஒற்றர்களும் அதற்கு உதவினார்கள்.

பெர்லினில் அவருடைய மேஜை மேல் டிரெஸ்டன் கப்பலின் சிறிய உருவம் ஒன்று இருந்தது. கூடவே, காந்தித் தாத்தாவிடம் இருந்தது போன்ற மூன்று குரங்குப் பொம்மையும் இருந்ததாம். தீயதைப் பார்க்காதே, கேட்காதே, பேசாதே!

ஆனால் ஒற்றர் தலைவருக்கு முதல் இரண்டு குரங்குகளும் ஒத்துவராதே! அவர் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் கேட்க வேண்டும். வாயை மட்டும் மூடிக்கொள்ள வேண்டும். அப்படித்தான் கனாரிசும் பார்த்தார், கேட்டார். பார்த்ததும் கேட்டதும் அவரைத் தூங்க விடவில்லை.

1939 செப்டம்பரில் ஜெர்மனி போலந்தின் மீது படையெடுத்தது. அங்கே படித்தவர்களையும் பாதிரியார்களையும் கூட்டம் கூட்டமாகச் சுட்டுக் கொல்லத் திட்டம் இருப்பது கனாரிசுக்குத் தெரிய வந்தது. செப்டம்பர் 12ஆம் தேதி, ஹிட்லரின் சிறப்பு ரயிலில் இருந்த படைத் தலைவர் கைட்டலைச் சந்தித்தார். இந்தக் கொடுமைக்கு ஒருநாள் உலகம் ராணுவத்தைத்தான் பொறுப்பாக்கும் என்று எச்சரித்தார். எல்லாம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது என்று பதில் வந்தது. உடன் இருந்த அதிகாரி லஹூசன் இந்தச் சந்திப்பைக் குறித்து வைத்தார். போருக்குப் பிறகு 1945 நவம்பரில் நியூரம்பர்க் விசாரணையில் அவர் இதைச் சாட்சியாகச் சொன்னார்.

1941 செப்டம்பரில் கனாரிஸ் மறுபடியும் குரல் கொடுத்தார். பிடிபட்ட ரஷ்யப் போர்க் கைதிகளைச் சட்டப்படி மனிதர்களாக நடத்த வேண்டும் என்று அவர் கையெழுத்திட்ட கடிதம் மேலே போனது. அதையும் தள்ளிவிட்டார்கள்.

பதினான்கு போலி ஒற்றர்கள்

கேட்டும் நடக்கவில்லை. பிறகு என்ன செய்வது? தமக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் கையில் எடுத்தார் கனாரிஸ். அதாவது, மறைத்தல்!

அப்போது யூதர்களை ரயில் ரயிலாக ஏற்றிக் கொண்டுபோய்க் கொன்றுகொண்டிருந்தது ஹிட்லரின் அரசு. போர் முடிவதற்குள் சுமார் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் யாரும் நாட்டை விட்டு வெளியேற வழியில்லை.

1942இல் ஆப்வேரில் ஒரு ரகசியத் திட்டம் உருவானது. அதை நடத்தியவர் ஹான்ஸ் ஃபான் டோனானி என்ற அதிகாரி. ஒப்புதல் தந்தவர் கனாரிஸ். ஆபத்தில் இருந்த சிலரை 'இவர்கள் எங்கள் ஒற்றர்கள். வெளிநாட்டில் வேவு பார்க்க அனுப்புகிறோம்' என்று எழுதிப் பதிவு செய்தார்கள். காவல் துறையும் நம்பியது. முதலில் ஏழு பேரை அனுப்பத்தான் திட்டம். அதனால் அதன் பெயரே 'நடவடிக்கை ஏழு'. எண்ணிக்கை வளர்ந்து, கடைசியில் 14 பேர் பத்திரமாகச் சுவிட்சர்லாந்து போய்ச் சேர்ந்தார்கள். வேவு பார்க்கவா? இல்லை, உயிர் வாழ!

வேறு நாட்டுக்குப் போனவர்கள் சாப்பிட வேண்டுமே, குடியிருக்க வேண்டுமே. அவர்களுக்காகப் பணமும் ரகசியமாக அனுப்பப்பட்டது. அந்தப் பணம்தான் காட்டிக்கொடுத்தது. வெளிநாட்டுப் பண விவகாரத்தைத் துருவிய விசாரணை ஆப்வேரின் வாசலுக்கு வந்தது. 1943 ஏப்ரல் 5ஆம் தேதி டோனானி கைது செய்யப்பட்டார். கனாரிசின் மீது சந்தேகம் விழுந்தது. 1944 பிப்ரவரியில் அவர் பதவி பறிபோனது.

அதே ஆண்டு ஜூலை 20ஆம் தேதி, ராணுவ அதிகாரிகள் சிலர் ஹிட்லரைக் குண்டு வைத்துக் கொல்ல முயன்று தோற்றார்கள். அடுத்த மூன்றாம் நாள் கனாரிசைக் கைது செய்தார்கள். 1945 ஏப்ரலில் அவருடைய நாட்குறிப்புகள் அகப்பட்டன. வாழ்நாள் முழுவதும் ரகசியம் காத்தவர், தாம் கண்ட அநியாயங்களை எழுதி வைத்திருந்தார்!

சுவர் பேசியது

ஃப்ளோசன்பர்க் என்ற முகாமில் அவரை அடைத்தார்கள். பக்கத்து அறையில் லுண்டிங் என்ற டென்மார்க் நாட்டு அதிகாரி இருந்தார். அவரும் உளவுத் துறையில் இருந்தவர். பேசக்கூடாது என்பது கட்டளை. இருவரும் சுவரைத் தட்டித் தட்டி, எழுத்துக் கூட்டிச் செய்தி பரிமாறிக்கொண்டார்கள். தாம் தேசத் துரோகி அல்ல, நாட்டுக்குச் செய்ய வேண்டிய கடமையைத்தான் செய்தோம் என்பதே கனாரிஸ் கடைசியாகத் தட்டிய செய்தி. அதைப் பிற்காலத்தில் லுண்டிங் உலகுக்குச் சொன்னார்.

1945 ஏப்ரல் 9ஆம் தேதி விடியற்காலையில் கனாரிசைத் தூக்கிலிட்டார்கள். சரியாக இரண்டே வாரம் கழித்து, ஏப்ரல் 23ஆம் தேதி, அமெரிக்கப் படை வந்து அந்த முகாமை விடுவித்தது. ஒரே இரவில் பெயரளவுக்கு நடந்த விசாரணையில் அவருக்குத் தண்டனை விதித்திருந்தார்கள். ஹிட்லர் ஆட்சியின் அத்தகைய அநியாயத் தீர்ப்புகளை 1998இல் ஜெர்மனி ஒரு சட்டத்தின் மூலம் ரத்து செய்தது.

கனாரிஸ் நல்லவரா, கெட்டவரா? வரலாற்று ஆசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். 'கொடிய ஆட்சிக்குப் பல ஆண்டுகள் உழைத்தவர்தானே' என்கிறார்கள் சிலர். 'உள்ளே இருந்ததால்தானே சில உயிர்களையாவது காப்பாற்ற முடிந்தது' என்கிறார்கள் வேறு சிலர். இரண்டு பக்கத்திலும் உண்மை இருக்கிறது. அவர் வெளிப்படையாக எழுப்பிய குரலை யாரும் கேட்கவில்லை. ஆனால் அவர் ஒப்புதலோடு சொல்லப்பட்ட ஒரு பொய்யால் 14 பேர் பிழைத்தார்கள்.

அடுத்த வாரம் வகுப்பில் ஓய்வு நேரம் கிடைத்தால், உங்கள் ஆசிரியரை நடுவராக வைத்து ஒரு சின்னப் பட்டிமன்றம் நடத்திப் பாருங்கள். தலைப்பு: 'மேலதிகாரியின் கட்டளை தவறு என்று தெரிந்தால், வேலையை விட்டு வெளியேறுவது சரியா? உள்ளே இருந்தே தடுக்கப் பார்ப்பது சரியா?' எந்த அணியில் பேசினாலும், அந்த 14 பேரை மறந்துவிடாதீர்கள்.