கேம் மாத்தினா மட்டும் போதுமா? இன்ஜினின் உயிரைக் காப்பது இந்தச் சின்ன ஸ்பிரிங்தான்!

பாகூரிலிருந்து திண்டிவனம் வழியாகக் கிளம்பினால், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலுள்ள இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்குக்குக் காலையில் போய் ராத்திரிக்குள் திரும்பிவிடலாம். அங்கே கார்கள் சீறுவதைப் பார்த்துவிட்டு வரும் இளைஞருக்கு, 'நம்ம காரையும் இப்படிப் பண்ணினா என்ன?' என்ற ஆசை வருவது இயல்பு. அப்போது முதலில் விலை கேட்பது பெர்ஃபாமன்ஸ் கேம்ஷாஃப்ட்டுக்கு. கடைசியில் நினைவுக்கு வருவது வால்வு ஸ்பிரிங். இன்ஜின் உடைவதும் பெரும்பாலும் அந்தக் கடைசி இடத்தில்தான்.

ஹோட்டல் கதவும் வால்வும்

ஹோட்டல் சமையல்கட்டுக் கதவை நினைத்துக்கொள்ளுங்கள். சர்வர் தள்ளினால் திறக்கும். ஸ்பிரிங் இழுத்து மூடும். கூட்டம் அதிகமாகி சர்வர்கள் வேகமாக வந்துபோனால், கதவு முழுதாக மூடும் முன்பே அடுத்தவர் தள்ளிவிடுவார். இன்ஜினில் இதற்குப் பெயர் 'வால்வு ஃப்ளோட்'. திறக்கும் வேலை கேமுக்கு. மூடும் வேலை ஸ்பிரிங்குக்கு.

இன்ஜின் 6,000 ஆர்.பி.எம்-மில் சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. பெர்ஃபாமன்ஸ் கேம், வால்வை இன்னும் உயரமாகவும் அதிக நேரமும் திறக்கிறது. கம்பெனி ஸ்பிரிங் அந்த வேலைக்காகச் செய்யப்பட்டதல்ல. ஸ்பிரிங் தோற்றால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். ஸ்பிரிங் உடைந்து வால்வு சிலிண்டருக்குள் விழுந்தால் பிஸ்டன், ஹெட், பிளாக் மூன்றுக்கும் செலவு.

கெட்டியானதே நல்லதா?

'இருப்பதிலேயே கெட்டியான ஸ்பிரிங் கொடுங்க' என்று கேட்பதுதான் பலரும் செய்யும் தவறு. தேவைக்கு மேல் அழுத்தம் இருந்தால் கேமின் முனை சீக்கிரம் தேயும். டைமிங் பெல்ட்டுக்கும் சுமை கூடும். கிடைத்த பவரில் கொஞ்சம் அங்கேயே போகும். கேம் தயாரித்த நிறுவனம் சொல்லும் அழுத்தம்தான் சரியான அளவு. வால்வு மூடியிருக்கும்போது எவ்வளவு, முழுதாகத் திறந்திருக்கும்போது எவ்வளவு என இரண்டு கணக்கையும் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது உயரம். உதாரணமாக, ஹெட்டில் பொருத்திய ஸ்பிரிங்கின் உயரம் 35 மி.மீ., வால்வு லிஃப்ட் 10 மி.மீ. என்றால், முழுதாக அமுங்கும்போது ஸ்பிரிங் 25 மி.மீ. இருக்கும். சுருள்கள் ஒன்றோடொன்று முட்டும் உயரம் அதைவிடச் சுமார் 1.5 மி.மீ. குறைவாக, அதாவது 23.5 மி.மீ. அல்லது அதற்கும் கீழே இருக்க வேண்டும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் சுருள்கள் முட்டி ஏதாவது ஒன்று உடையும். ரீட்டெய்னர், வால்வு சீலில் இடிக்கிறதா என்பதையும் கையால் சுற்றிப் பார்த்த பிறகே இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

எது நீடிக்கும்?

குரோம் சிலிக்கான் எஃகுக் கம்பியில் செய்தது, 'ஷாட் பீனிங்' ஆனது என்றால் நம்பலாம். நுண்ணிய எஃகு மணிகளை ஸ்பிரிங் மேல் வேகமாக அடித்து மேற்பரப்பை இறுக்கும் முறை இது. விரிசல் பொதுவாகத் தொடங்குவது மேற்பரப்பில்தான். அதனால் பிளையரால் கவ்விப் பிடிப்பதும், அடையாளத்துக்குக் கீறுவதும் கூடாது. பாகூர் போல் கடல் பக்கத்து ஊர்களில் உப்புக்காற்றில் துருப் பிடிக்காமல் எண்ணெய் தடவி மூடி வைப்பது நல்லது.

இரட்டை ஸ்பிரிங்கில் ஒன்று உடைந்தாலும் மற்றொன்று வால்வை விழாமல் பிடித்துக்கொள்ள வாய்ப்புண்டு. மேலே குறுகிய தேன்கூட்டு வடிவ 'பீஹைவ்' ஸ்பிரிங் எடை குறைவு, அதிர்வும் குறைவு. ஆனால் ஒற்றை என்பதால் உடைந்தால் வேறு துணை இல்லை.

பொருத்தும் முன் ஒவ்வொரு ஸ்பிரிங்கின் அழுத்தத்தையும் டெஸ்டரில் அளந்து எழுதி வையுங்கள். சில ரேஸ்களுக்குப் பிறகு மீண்டும் அளக்கும்போது 10 சதவிகிதம் குறைந்திருந்தால் செட்டையே மாற்றிவிடுங்கள்.

மாருதி முதல் ஃபார்முலா ஒன் வரை

கோவையின் கரிவரதன், மாருதி 800 இன்ஜினை வைத்து 'ஃபார்முலா மாருதி' ரேஸ் கார்களை உருவாக்கினார். அந்தக் கார்களில் ஓட்டிப் பழகிய நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போனார். அங்கே இன்ஜின்கள் 18,000 ஆர்.பி.எம்-முக்கும் மேல் சுற்றின. எந்த எஃகு ஸ்பிரிங்கும் தாங்காத வேகம் அது. அதனால் வால்வை மூடியது அழுத்தமேற்றிய வாயு. 1986-லேயே ரெனோ அதைக் கொண்டுவந்துவிட்டது.

ரோட்டில் வேண்டாம்

கம்பெனி தந்த அமைப்பிலிருந்து வண்டியை அனுமதியில்லாமல் மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவதும் அதே காரில்தான் என்றால், கடலூர் சாலையில் பஸ்ஸை முந்தும்போது ஸ்பிரிங் உடைந்தால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

ஆசையை ட்ராக் காரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தக் காருக்கு கேம் வாங்கும் அன்றே, ஸ்பிரிங்குக்கும் அளவு பார்க்கும் கூலிக்கும் பணத்தைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். அது கையில் சேரும்வரை கேம் டப்பாவிலேயே இருக்கட்டும்!