தலை போன பனையும் வீட்டுக்குள் வளர்ந்த வேம்பும்

போர் முடிந்த கையோடு முகமாலை, பளை, ஆனையிறவுப் பக்கம் போனவர்களுக்கு அந்தக் காட்சி மறந்திருக்காது. தலையில்லாத பனைகள் வெறும் தூண்களாக வரிசை வரிசையாக நின்றன. பின்னர் வலிகாமம் வடக்கில் விடுவிக்கப்பட்ட காணிகளுக்குள் போனவர்கள் கண்டது வேறு. கூரை போன வீட்டின் நடு அறையில் வேம்பு நின்றது. சுவர் வெடிப்பில் அரசு வேர்விட்டிருந்தது. முற்றம் எது, வளவு எது என்று தெரியாதபடி பற்றை மூடியிருந்தது. இரண்டு இடங்களும் வெகுதூரத்தில் இல்லை. ஒரே மாரி, ஒரே கோடை. ஒரு மரம் அப்படியே பட்டுப்போக, இன்னொரு மரம் யாரும் நடாமலே வீட்டுக்குள் வந்து நிற்பதற்கு என்ன காரணம்?

காரணம் அந்தந்த மரத்தின் உடலமைப்பில் இருக்கிறது.

பனைக்கு வளரும் இடம் ஒன்றே ஒன்றுதான், உச்சியில் இருக்கும் குருத்து. வேம்பையோ பூவரசையோ போல, வெட்டிய இடத்துக்குக் கீழே துளிர்விடும் உறங்கு மொட்டுகள் அதன் தண்டில் இல்லை. ஷெல் துண்டு குருத்தை அறுத்தால் பனையின் கதை முடிந்தது. ஆனால் அதே பனை, தண்டில் சன்னம் துளைத்தாலும் பற்றைத் தீ அடிமரத்தைக் கருக்கினாலும் பெரும்பாலும் தப்பிவிடும். மாமரத்தில் நீரையும் உணவையும் கடத்தும் உயிருள்ள பகுதி பட்டைக்கு அடுத்து ஒரு வளையமாக இருக்கிறது. வளையத்தைச் சுற்றி வெட்டினால் மரம் சாகும். பனையில் அந்தக் குழாய்கள் தண்டு முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. வெளிப்புறம் காயப்பட்டாலும் உள்ளே உள்ளவை வேலை செய்யும். சன்னத் தழும்போடு இன்றும் நுங்கு தரும் பனைகள் நிற்பது இதனால்தான்.

பனங்கொட்டை முளைக்கும் விதமும் இப்படித்தான். முளை மேலே வராமல் முதலில் மண்ணுக்குள் இறங்கும். அதைத்தான் நாங்கள் கிழங்கென்று பிடுங்கி அவித்துத் தின்கிறோம், காயவைத்து ஒடியலாக்குகிறோம். மரத்தின் பக்கத்தில் இருந்து பார்த்தால் அது மாடு, தீ, கோடை மூன்றுக்கும் எட்டாத ஆழத்தில் போட்டுவைத்த சேமிப்பு. இந்தப் பாதுகாப்புக்கு மரம் கொடுக்கும் விலை காலம். வடலி பனையாகிப் பயன்தர 15, 20 வருடம் பிடிக்கும். கொட்டையும் பாரமானது. யாரும் கொண்டுபோய் நட்டாலொழியத் தாய்மரத்தடியிலேயே கிடக்கும். அதனால், பங்கருக்கு மூடுமரமாகத் தறிக்கப்பட்ட பனங்கூடல் தானாக மீள்வதற்கு ஒரு தலைமுறை போதாது.

வேம்பின் கணக்கு வேறு. அதன் பழத்தைக் காகமும் மைனாவும் வௌவாலும் தின்று, உட்காரும் இடத்தில் விதையைப் போடும். இடிந்த வீட்டுச் சுவர் பறவைக்கு நல்ல இருக்கை. ஆல், அரசு விதைகள் கடுகிலும் சிறியவை. சுவர் வெடிப்பில் விழுந்து பாசியின் ஈரத்திலேயே முளைத்துவிடும். எருக்கும் அங்கே வரும், அதற்குப் பஞ்சும் காற்றும் போதும். நாயுண்ணியைப் பறவை கொண்டுவரும். நாயுருவி போவோர் வருவோரின் உடுப்பில் ஒட்டி வரும். ஆளில்லாத காணிக்கு முதலில் வருபவை தூரம் கடக்கத் தெரிந்த செடிகளே.

இலையின் தடிப்பு, தண்டின் அடர்த்தி, விதையின் பாரம், மரத்தின் உயரம், வேரின் ஆழம், வெட்டினால் துளிர்க்குமா என்பது போன்ற உடல் இயல்புகளைத் தாவரவியலாளர்கள் ‘தொழிற்பாட்டு இயல்புகள்’ என்கிறார்கள். ஓர் இடத்தில் எந்த இனங்கள் உள்ளன என்று பெயர்ப்பட்டியல் போடுவது பழைய முறை. அவற்றின் உடல் என்ன வேலை செய்கிறது என்று அளந்து பார்ப்பது இந்த முறை. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த பிலிப் கிறைம் 1970களில் தாவரங்களின் வாழும் வழிகளை மூன்றாகப் பிரித்தார். வளமான இடத்தில் மற்றவற்றை மறைத்து வளர்பவை, வரட்சியையும் வறிய மண்ணையும் பொறுத்து மெதுவாக வளர்பவை, நிலம் குழம்பும்போது ஓடிவந்து பூத்து விதைத்துப் போய்விடுபவை. 2016 இல் ஆர்ஜென்டீனாவைச் சேர்ந்த சாண்ட்ரா டியாஸும் பல நாட்டு ஆய்வாளர்களும் 46,085 இனங்களின் ஆறு இயல்புகளை ஒன்றாக வைத்து ஆராய்ந்தார்கள். இத்தனை வகை உருவங்களில் காணப்படும் வேறுபாட்டின் முக்கால் பங்கை இரண்டே கேள்விகளுக்குள் அடக்கலாம் என்று தெரிந்தது. செடியும் அதன் உறுப்புகளும் எவ்வளவு பெரியவை? இலை மலிவாகச் செய்யப்பட்டு விரைவில் உதிர்வதா, செலவழித்துச் செய்யப்பட்டு நெடுநாள் நிற்பதா?

இரண்டாவது கேள்வி எங்கள் தோட்டக்காரருக்குப் புதிதல்ல. குழை தாழ்க்க எதைத் தேடினார்கள்? பூவரசங்குழை. பிறகு வந்தது கிளிசரியா. மெல்லிய, நைதரசன் நிறைந்த இலை. மண்ணில் புதைத்தால் சில வாரங்களில் மக்கிப் பயிருக்கு உணவாகும். பாலை இலையைக் கசக்கிப் பாருங்கள், தோல் போல இருக்கும். அது மரத்திலும் நெடுநாள் நிற்கும், நிலத்தில் விழுந்தும் மெதுவாகத்தான் மக்கும். 2004 இல் இயன் றைட்டும் அவரது குழுவினரும் உலகெங்கும் 175 இடங்களில் 2,548 இனங்களின் இலைகளை ஒப்பிட்டபோது, பாலைவனம் முதல் மழைக்காடு வரை இந்தக் கொடுக்கல் வாங்கல் ஒன்றுபோலவே இருந்தது. விரைவாக உழைக்கும் இலை விரைவில் போகும். பாரமான இலை மெதுவாக உழைத்து நீண்டகாலம் இருக்கும்.

வன்னிக் காடு ஏன் கோடையிலும் பச்சையாக நிற்கிறது என்ற புதிருக்கும் இங்கேதான் விடை. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டித் தீர்ந்துவிடும். வைகாசியில் இருந்து புரட்டாதி வரை நிலம் வெடிக்கும். இப்படிப்பட்ட இடத்தில் இலையை உதிர்த்துவிட்டுக் காத்திருப்பது ஒரு வழி. முதிரை பெரும்பாலும் அதைத்தான் செய்கிறது. பாலையும் வீரையும் கருங்காலியும் மற்ற வழியில் போகின்றன. தடித்த இலை, ஆழவேர், பாரமான வைரம். பாலை வைரத்தைத் தண்ணீரில் போட்டால் தாழும். வரட்சி முற்றும்போது மேலே இலை நீரை இழுக்கும், கீழே மண் கொடுக்காது. மரத்துக்குள் நூல் போல ஓடும் நீர் அறுந்து குழாய்க்குள் காற்றுப் புகுந்துவிட்டால் அந்தக் கிளை காயும். பாரமான வைரம் உள்ள மரங்களில் குழாய்கள் பெரும்பாலும் ஒடுங்கியவை, நூல் இலகுவில் அறாது. விலை, மிக மெதுவான வளர்ச்சி. முருங்கை ஒரே வருடத்தில் கூரையைத் தொடும், கிளையில் ஏறினால் முறியும். இரண்டையும் ஒரு மரத்தால் செய்ய முடியாது.

அதே மழை பெய்யும் காட்டில், குளத்து வாய்க்காலோடும் ஆற்றோடும் நிற்பது மருது. அகன்ற இலை, உயர்ந்த உடல், வெளிறிய அடிமரம். வேருக்கு எப்போதும் தண்ணீர் கிடைப்பதால் அதற்குச் சிக்கனம் தேவையில்லை. மருதங்கேணி, மருதங்குளம் என்று ஊர்ப்பெயர்களில் மருதோடு நீரும் சேர்ந்து வருவதற்கு இதைவிடக் காரணம் தேடவேண்டியதில்லை.

மண் என்ன கொடுக்கிறதோ அதற்கேற்ற உடல் வந்து சேர்கிறது என்பது பாதிக் கதை. வந்து சேர்ந்த உடல் பிறகு மண்ணை மாற்றுகிறது. ஓர் இடத்தில் எந்தத் தாவரம் மிகுதியாக நிற்கிறதோ, அதன் இயல்பே அந்த இடத்தின் நீரையும் உரத்தையும் பெருமளவு தீர்மானிக்கும் என்று கிறைம் 1998 இல் எழுதினார். பாத்தீனியம் இதற்கு நல்ல, அதாவது கெட்ட, உதாரணம். இந்திய அமைதிப்படைக்கு இறைச்சிக்கு வந்த ஆடுகளோடு அது வந்தது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. எப்படி வந்தாலும், கிறைம் சொன்ன மூன்றாவது வகைக்கு அச்சு அசலான செடி அது. முளைத்து ஒன்றரை மாதத்துக்குள் பூக்கும். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதைக்கும். விதை வாகனச் சில்லிலும் வெள்ளத்திலும் போகும். வேரிலும் இலையிலும் உள்ள இரசாயனங்கள் பக்கத்துச் செடியை முளைக்க விடாது. ஆடுமாடு விரும்பித் தின்னாது, மனிதருக்குத் தோல் கடிக்கும். உழுது, கைவிட்டு, மீண்டும் உழப்பட்ட நிலம் அதற்குக் கிடைத்த வரம். போர் எங்களுக்குத் தந்த நிலம் பெரும்பாலும் அப்படிப்பட்டது.

மரநடுகையிலும் இதே கணக்கு உண்டு. சவுக்கு விரைவாக உயரும், காற்றைத் தடுக்கும். ஆனால் அதன் உதிர்ந்த ஊசிகள் மெத்தையாகப் படியும் இடத்தில் மணலைப் பிடித்து வைத்திருந்த அடம்பனும் இராவணன் மீசையும் குறைகின்றன. திரண்டால் மிடுக்கென்று அடம்பன் கொடியைச் சொன்னவர்கள், கணுவுக்குக் கணு அது வேரூன்றுவதைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள். எத்தனை கன்று நட்டோம் என்ற எண்ணிக்கையில் இது எதுவும் தெரிவதில்லை.

எண்ணிக்கையை விட ஆபத்தானது வெறும் பச்சை நிறம். இடம்பெயர்ந்து 20, 30 வருடம் கழித்துத் திரும்பியவர்கள் தங்கள் வயலும் வளவும் காடென்று குறிக்கப்பட்டிருப்பதைக் கண்ட சம்பவங்கள் வடக்குக் கிழக்கு எங்கும் உண்டு. 1990 இல் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்ட முசலியில், மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதிகள் 2012 இல் வர்த்தமானி மூலம் ஒதுக்குக்காடாயின. மேலிருந்து எடுக்கும் செய்மதிப் படத்தில் பாலைக் காடும் பச்சை, விடத்தலும் சூரையும் காரையும் அடைத்த பழைய வளவும் பச்சை. நிலத்தில் இறங்கி நின்றால் வித்தியாசம் தெரியும். பாலைப்பழத்தைத் தின்று விதையைச் சுமப்பவை கரடியும் குரங்கும் பெரிய பறவைகளும். அவை வராத இடத்துக்குப் பாலை இலகுவில் வராது. அதன் விதை மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவும் மாட்டாது. ஆகவே பற்றைக்குள் பாலையும் வீரையும் இல்லாமல், முள்ளும் பறவை போட்ட செடியும் மட்டும் இருந்தால், அது அண்மையில் மூடிய நிலம். அதற்குள் கிளுவையோ பூவரசோ நேர்கோட்டில் நின்றால் கேள்வியே இல்லை. தடியாக ஊன்றினாலே வேர்விடும் மரங்கள் என்பதால்தான் அவற்றைக் கதியாலாக நட்டோம். காடு தன்னைத் தானே நேர்கோட்டில் நடுவதில்லை. உறுதி தொலைந்தவர்களுக்கு இந்த வரிசை ஒரு சாட்சி. காணி அளக்க வருபவர்களிடம் காட்டிப் பதியச் சொல்லலாம். படம் எடுத்தும் வைத்துக்கொள்ளலாம்.

இந்த வாதத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். முதிர்ந்த பாலைக் காட்டை வெட்டிவிட்டு, பதிலுக்கு ஆயிரம் கன்று நட்டோம் என்பவரிடமும் இதே கணக்கைக் கேட்கலாம். நூறு வருடத்தில் திரண்ட வைரத்தையும் அதில் அடங்கிய காபனையும் கன்றுகள் எங்கள் வாழ்நாளில் ஈடுசெய்யா.

காணியைத் துப்புரவாக்கும்போது டோசர் விட்டு எல்லாவற்றையும் வழித்து எரிப்பதுதான் வழக்கம். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் தேவையான இடத்தில் அதைத் தவிர்க்க முடியாது. வேலியோரத்திலும் குளக்கரையிலும் சில முட்பற்றைகளை விட்டுவைக்கலாம். பறவை வந்து உட்காரும், விதை போடும். முளைக்கும் நாவலையோ வேம்பையோ மாடு எட்டித் தின்ன முள் விடாது. பற்றை நிழலில் கோடை கடந்த கன்று பிறகு பற்றையையே மூடி வளரும். வழித்து எரித்த வெளியில், அடுத்த மாரிக்கு முதலில் வருவது பாத்தீனியம்.