ரேம் வாங்கப் போகிறீர்களா? ஸ்டிக்கரைப் படியுங்கள்

லேப்டாப் திணறத் தொடங்கியதுமே புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 4 ஜிபி ரேமோடு வந்த மெஷினில் இன்னொரு 8 ஜிபி சேர்த்தாலே போதும், இன்னும் சில வருடங்கள் நன்றாக ஓடும். வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைதான். எந்த ரேம் என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போக வேண்டும், அவ்வளவே.

உள்ளே இருக்கும் ரேமைக் கழற்றி அதன் ஸ்டிக்கரைப் பாருங்கள். ‘8ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-3200ஏஏ’ என்பதுபோல் ஒரு வரி இருக்கும். ‘பிசி4’ என்றால் டிடிஆர்4 தலைமுறை ரேம். ‘1ஆர்எக்ஸ்8’ என்றால், ஒவ்வொரு சிப்பும் ஒரே நேரத்தில் 8 பிட் தருகிறது; எட்டு சிப்புகள் சேர்ந்து 64 பிட், அதாவது 8 பைட். ‘3200’ என்பது வினாடிக்கு 320 கோடி முறை தரவு கைமாறுவதைக் குறிக்கிறது. இரண்டையும் பெருக்கினால் வினாடிக்கு 25.6 ஜிபி.

டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்குமே டெஸ்க்டாப்பில் 288 பின்கள்தான். ஆனால் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று உட்காராது. அழுத்திப் பார்க்க வேண்டாம், ஸ்லாட் உடைந்துவிடும். உண்மையான ஆபத்து டிடிஆர்3-இல்தான். சாதாரண டிடிஆர்3-க்கு 1.5 வோல்ட், ‘பிசி3எல்’ என்று போட்டிருப்பதற்கு 1.35 வோல்ட். இரண்டுக்கும் வெட்டு ஒரே இடத்தில் இருப்பதால் சாதாரண டிடிஆர்3-உம் அழகாக உட்கார்ந்துவிடும், 1.35 வோல்ட் மட்டுமே தரும் லேப்டாப்போ ஸ்டார்ட் ஆகாது. அந்த ‘எல்’ இருக்கிறதா என்று இருமுறை பாருங்கள்.

பழைய சர்வர்களிலிருந்து கழற்றிய ‘ரெஜிஸ்டர்டு’ ரேம் மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். வீட்டு மதர்போர்டு அதை ஏற்காது.

வேக எண்ணை மட்டும் நம்பவும் கூடாது; முதல் தரவுக்கு எத்தனை சுழற்சி காத்திருக்க வேண்டும் என்று சொல்லும் ‘சிஎல்’ எண்ணையும் பாருங்கள். சிஎல்16 டிடிஆர்4-3200-உம் சிஎல்30 டிடிஆர்5-6000-உம் முதல் தரவைக் கொடுக்கத் தொடங்க எடுக்கும் நேரம் 10 நானோசெகண்ட்தான். அதன்பின் கொட்டும் அளவில்தான் டிடிஆர்5 முந்துகிறது.

இதெல்லாம் கழற்றி மாட்ட ஸ்லாட் இருந்தால்தான். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேமை போர்டிலேயே சால்டர் செய்துவிடுகிறார்கள். மின்சாரம் மிச்சமாகிறது, இடமும் மிச்சமாகிறது, உண்மைதான். ஆனால் நமது மெஷினை நாமே மேம்படுத்தும் உரிமை அதோடு போய்விடுகிறது. இது எனக்கு ஏற்புடையதல்ல. கழற்றக்கூடிய மெல்லிய ரேமுக்கான கேம்2 தரத்தை, மெமரி தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பு 2023-இல் வெளியிட்டது. அது பரவலாகும்வரை, புது லேப்டாப் வாங்கும்போது ரேம் ஸ்லாட் இருக்கிறதா, எத்தனை ஜிபி வரை ஏற்கும் என்று பில் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.