இனிப்பு நீர் நோயும் தளராத உறுதியும்

மலேசியத் தமிழர் பேச்சில் இனிப்பு நீர் என வழங்கும் நீரிழிவு நோயில் இரண்டாம் வகையே மிகப் பலரைப் பற்றுவதாகும். 2023ஆம் ஆண்டு மலேசியாவில் நடைபெற்ற தேசிய சுகாதார ஆய்வின்படி, வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு, இந்நோய் இருந்தது. சிங்கப்பூர் அரசாங்கமோ 2016இல் நீரிழிவின்மீது போர் தொடுப்பதாகவே அறிவித்தது.

நோய் கண்டவுடன் டாக்டர் கூறும் புத்திமதி உணவைச் சீர்ப்படுத்துக, எடையைக் குறைத்திடுக என்பதே. அதனை அறியாத நோயாளர் இலர். ஆயினும் முதல் மாதத்தில் பூண்ட உறுதி நான்காம் மாதத்தில் பலரிடம் காணப்படுவதில்லை. மனவலிமை அற்றவர் எனப் பிறர் பழிக்கின்றனர். நோயாளரும் தம்மைத் தாமே நொந்துகொள்கின்றனர். இப்பழி பெரும்பாலும் நியாயமற்றது.

உடலின் எதிர்ப்பு

உணவைக் குறைத்த முதல் வாரத்தில் எடை விரைந்து இறங்கும். அப்பொழுது குறைவதில் பெரும்பகுதி கொழுப்பன்று. கல்லீரலிலும் தசைகளிலும் சேமிக்கப்பட்டுள்ள கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருளும், அதனோடு சேர்ந்திருக்கும் நீருமே ஆகும். பின்னர் இறக்கம் மெதுவாகிறது. இளைத்த உடலுக்கு முன்போல் எரிபொருள் தேவைப்படுவதில்லை. கொழுப்பின் இருப்பை மூளைக்கு உணர்த்தும் லெப்டின் குறைகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் பெருகுகிறது. எனவே எடை சில வாரம் அசையாமல் நிற்பது தோல்வியின் அடையாளம் ஆகாது. இதனை முன்னரே அறிந்தவர் அந்நிலை வரும்பொழுது மனம் சோர்வதில்லை.

முயற்சியின் பயன்

பிரிட்டனில் பேராசிரியர்கள் ராய் டெய்லர், மைக் லீன் ஆகியோர் 306 நோயாளரைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2017இல் வெளியாயிற்று. நோய் கண்டு ஆறாண்டுக்கு மேற்படாத, இன்சுலின் போடாதவர்களே இதில் சேர்க்கப்பட்டனர். மருத்துவக் கண்காணிப்பில் கடும் உணவுக் கட்டுப்பாட்டை மேற்கொண்ட பிரிவினருள் 46 விழுக்காட்டினர், ஓராண்டின் முடிவில் மருந்தின்றியே நீரிழிவு எல்லைக்குக் கீழ் வந்தனர். வழக்கமான சிகிச்சை பெற்றவருள் அவ்வாறானோர் 4 விழுக்காட்டினரே.

5 முதல் 10 கிலோ வரை குறைத்தவருள் 34 விழுக்காட்டினரும், 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவருள் 86 விழுக்காட்டினரும் இந்நிலையை எய்தினர். கல்லீரலிலும் கணையத்திலும் படிந்த கொழுப்பு கரைந்ததே இதற்குக் காரணம் என அவ்வறிஞர்கள் விளக்கினர். ஆயினும் இரண்டாம் ஆண்டில் 46 என்பது 36 ஆகக் குறைந்தது. எடையைக் குறைப்பதைவிடக் காப்பதே அரிது என்பதை இது காட்டுகிறது.

உறுதியைக் காக்கும் வழிகள்

முதலாவது, கைக்குள் அடங்கும் இலக்கு. பத்துக் கிலோ குறைய வேண்டும் என்பது விருப்பம். இரவு உணவுக்குப் பின் இருபது நிமிடம் நடப்பது செயல். செயலை அன்றன்றே முடித்து மகிழலாம்.

இரண்டாவது, எடைக் கருவியை மட்டும் நம்பாமை. அதில் வாரம் ஒருமுறை ஏறினால் போதும். உணவுக்குப் பின் நடந்தால் இரத்தச் சர்க்கரை தணிவதை, விரல்நுனியில் குத்திப் பார்க்கும் கருவி அன்றே காட்டிவிடும். சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள் ஆதலின், எச்.பி.ஏ.1.சி. என்னும் சோதனை சுமார் மூன்று மாத உழைப்பின் பலனைத் தெரிவிக்கும்.

மூன்றாவது, குடும்பத்தின் துணை. நோயாளருக்குத் தனிச் சமையலும் மற்றவருக்கு விருந்தும் என்றிருக்கும் வீட்டில் உறுதி நிலைப்பது கடினம். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், இறைச்சி அல்லது பருப்பு, பாதி காய்கனி என்று மலேசிய சுகாதார அமைச்சு கூறும் முறை, வீட்டார் அனைவருக்கும் ஏற்றதே. கடையில் டின்பால் கலந்த தே தாரிக்கை விடுத்துத் தே ஓ கோசோங் கேட்பதும் எளிய தொடக்கமாகும். சிங்கப்பூரில் 2022 டிசம்பர் 30 முதல், சர்க்கரை மிகுந்த போத்தல், டின் பானங்களில் தரக்குறி கட்டாயமாக்கப்பட்டிருப்பதும் வாங்குவோருக்கு உதவுகிறது.

நான்காவது, தவறியபின் எழும் மனப்பக்குவம். திருமண வீட்டில் உண்ட ஒருவேளை பிரியாணியால் விளையும் தீங்கு சிறிது. "எல்லாம் கெட்டது, இனி என்ன?" என்று அடுத்த நாளும் கட்டுப்பாட்டைக் கைவிடுவதே பெருந்தீங்கு. அடுத்த வேளையே பழைய முறைக்குத் திரும்புதல் அறிவுடைமை.

ஒன்று மறத்தலாகாது. இன்சுலின் போடுவோரும் கிளிக்லசைடு போன்ற மாத்திரை உண்போரும் திடீரென உணவைக் குறைப்பின், சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து மயக்கம் நேரிடக்கூடும். டாக்டரைக் கலந்து, மருந்தின் அளவைத் திருத்திக்கொண்ட பின்னரே தொடங்குதல் வேண்டும்.

பல ஆண்டுகளாகச் சேர்ந்த எடை சில வாரங்களில் நீங்கிவிடாது. அதுவரை ஒவ்வொரு வேளைச் சோற்றின் முன்னும் உறுதியைப் புதுப்பித்துக்கொள்வோரே, தம் கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் இந்நோயின் கேட்டினின்று காத்துக்கொள்ள வழி செய்தவராவர்.