கை கறுக்காமல் மை நிரப்பலாம்!

பள்ளிக்கூடம் திறந்தாலே பிராஜெக்ட், பிரிண்ட் என்று பிள்ளைகள் பிடுங்குகிறார்கள். தடவைக்கொரு புதுக் கார்ட்ரிட்ஜ் வாங்கினால் மாத பட்ஜெட் தாங்குமா?

ஹெச்.பி.யின் 'திங்க்ஜெட்' (1984) முதல், இவ்வகைக் கார்ட்ரிட்ஜ் மையைச் சூடாக்கித்தான் தெளிக்கிறது. மை அடியோடு வற்றினபின் ஓட்டினால் முனை கருகிப்போகும். எழுத்து மங்கும்போதே நிரப்பிடுங்க.

மேஜையில் பழைய பேப்பர் விரித்து, கையுறை மாட்டிக்கொள்ளுங்கள். மேல் லேபிளை உரித்தால் துளை தெரியும். சிரிஞ்சில் 3 மில்லி மை எடுத்து மெள்ள மெள்ள இறக்குங்கள். உள்ளே ஸ்பாஞ்சு, அவசரப்பட்டால் வழியும். துளையில் மை எட்டிப் பார்த்தால் நிறுத்திடணும். கலர் மைக்கு நிறத்துக்கொரு சிரிஞ்சு. லேபிளை ஒட்டி, அடிமுனையை ஈர டிஷ்யூவில் ஒற்றி எடுங்கள். செம்புப் பட்டையைத் தொடாதீர்கள்.

நம்ம தூத்துக்குடி வெயிலில் சும்மா கிடந்தால் மை காய்ந்து அடைக்கும். வாரம் ஒரு பக்கமாவது ஓட்டுங்கள். சிரிஞ்சும் மையும் குழந்தைகள் கைக்கு எட்டவே கூடாது!