புட்டுப்பானை மூடியும் ஆற்றுக்குள் நிற்கும் கால்களும்

"தம்பி, உது ஒழுகுது. எங்கயோ ஓட்டை இருக்கு" என்றார் அண்ணை.

நவம்பர் நடுப்பகுதி. ரொறன்ரோவிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரக் கார் ஓட்டத்தில், போர்ட் ஹோப் நகரத்துக்குள் புகுந்து ஒன்ராறியோ ஏரியில் விழுகிற கனரஸ்கா ஆற்றின் கரையில் நின்றுகொண்டிருந்தோம். காற்று 2 பாகை, தண்ணீர் 4 பாகை. அண்ணை தன் நீர்புகாக் காற்சட்டையான வேடர்ஸைக் கழற்றி, உட்பக்கத்தைத் தடவிக் கையை நீட்டினார். கை நனைந்திருந்தது. முழங்காலுக்குக் கீழே உள்காற்சட்டை தோய்ந்து காலோடு ஒட்டியிருந்தது.

"போன கிழமைதான் வாங்கினது. நாளைக்கே திருப்பிக் குடுத்துக் காசை வாங்கப்போறன்."

முல்லைத்தீவில் கரைவலை இழுத்த கால்கள் அவருடையவை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு கடலுக்குள் இறங்கியவருக்கு, மீன்பிடிக்க ஒரு நீர்புகாக் காற்சட்டை வேண்டும் என்பதே முதலில் விளங்கவில்லை. அங்கே கடல் 28 பாகை. இங்கே ஸ்டீல்ஹெட் என்கிற பெருந்திரவுட் மீன்கள் ஏரியிலிருந்து ஆற்றுக்குள் ஏறுகிற மாதங்களில் தண்ணீர் பனிக்கட்டியாவதற்குச் சில பாகைதான் மிச்சம். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். 4 பாகைக் காற்றில் மெல்லிய காற்சட்டையோடு அரை மணி நேரம் நடக்கலாம். 4 பாகைத் தண்ணீரில் வெறுங்காலோடு ஐந்து நிமிடம் நின்றால் விரல்கள் மரத்துப்போகும். அதனால்தான் மார்புவரை ஏறும் இந்த உடுப்பு.

அன்றிரவு அவருடைய வீட்டு நிலவறையில் வேடர்ஸைச் சோதித்தோம். உட்பக்கத்தை வெளியே திருப்பி, மருந்துக்கடையில் விற்கும் ஐசோபுரோபைல் அற்ககோலைச் சாணுக்குச் சாண் தெளித்துக்கொண்டே போனோம். இந்த வகைத் துணியில் ஊசித்துளை இருந்தால், அற்ககோல் அதற்குள் இறங்கி, அந்த இடம் கரும்புள்ளியாகத் தெரியும். கவட்டில் இல்லை. முழங்காலில் இல்லை. தையல் நாடாக்களின் ஓரத்திலும் இல்லை. பிறகு ஒரு காலுக்குள் தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டு, கீழே பத்திரிகைத் தாளை விரித்து வைத்தோம். ஒரு மணி நேரம் கழித்தும் தாள் காய்ந்தே கிடந்தது.

உள்ளே இருந்த தண்ணீர் ஆற்றிலிருந்து வரவில்லை. அண்ணையிடமிருந்துதான் வந்தது.

கார் நிறுத்திய இடத்திலிருந்து ஆற்றுக்கு ஒரு கிலோமீற்றர். தடித்த கம்பளி உள்ளுடுப்பு, அதன்மேல் பஞ்சு ஜாக்கெட், அதற்கும் மேலே வேடர்ஸ் என்று எல்லாவற்றையும் காரடியிலேயே மாட்டிக்கொண்டு வேகமாக நடந்தார். அப்படி நடந்தால் யாருக்கும் வியர்க்கும். நடக்கும்போது அந்த வியர்வை ஆவியாகவே இருக்கும், தெரியாது. ஆற்றுக்குள் இறங்கியதும் துணியின் உட்புறம் 4 பாகைக்குக் குளிர்ந்துவிடும். புட்டு அவியும்போது பானை மூடியை எடுத்துப் பாருங்கள். சூடான நீராவி குளிர்ந்த மூடியில் பட்டு, துளியாகி, ஒழுகிக்கொண்டிருக்கும். அதேதான் அவர் கால்களைச் சுற்றியும் நடந்தது. புது வேடர்ஸ் ஒழுகுகிறது என்று நினைப்பவர்கள் கடைக்கு ஓடுமுன் இதைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

"அப்ப இது சுவாசிக்கிற துணி எண்டு எழுதியிருக்கே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்தத் துணி பிறந்த கதையில் விடை இருக்கிறது.

1969இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் பொப் கோர் என்ற வேதிப் பொறியியலாளர், சட்டிகளுக்குப் பூசும் டெஃப்லோன் என்ற பொருளின் தண்டுகளைச் சூடாக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல இழுத்தபோதெல்லாம் அவை முறிந்தன. பொறுமை போய் ஒரு தண்டை வெடுக்கென்று இழுத்தார். முறிவதற்குப் பதிலாக அது பல மடங்கு நீண்டது. நீண்ட பொருளின் பெரும்பகுதி வெறும் காற்று, அத்தனை நுண்துளைகள். கோர்டெக்ஸ் என்று நாம் அறியும் சவ்வு அங்கிருந்து பிறந்தது. ஒரு சதுர அங்குலத்தில் சில நூறு கோடித் துளைகள். ஒவ்வொன்றும் நீராவி மூலக்கூறு ஒன்றைவிடப் பல நூறு மடங்கு பெரியது, ஒரு நீர்த்துளியைவிடப் பல்லாயிரம் மடங்கு சிறியது. டெஃப்லோன் தண்ணீரை வெறுக்கும் பொருள். தண்ணீரோ தன் மேற்பரப்பு இழுவிசையால் உருண்டு நிற்கப் பார்க்கும். அத்தனை சிறிய வாயிலுக்குள் அதைத் திணிக்க மிகுந்த அழுத்தம் தேவை. இடுப்பளவு ஆழத்தில் உள்ள நீரழுத்தம் ஒரு வளிமண்டல அழுத்தத்தின் பத்திலொரு பங்குதான், அது போதாது. முழங்கால் போட்டால் கதை வேறு. உடலின் முழுப் பாரமும் சில சதுர அங்குலத்தில் குவியும்போது, அங்கே அழுத்தம் அந்த இடுப்பளவு நீரைவிடப் பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடும். நல்ல வேடர்ஸில் முழங்காலிலும் பின்புறத்திலும் இரட்டைத் துணி வைத்துத் தைப்பது இதற்காகவே.

ஆக, துணி சுவாசிப்பது உண்மை. ஆனால் நீராவி வெளியேற வேண்டுமானால், துணியைக் கடக்கும் முன்னரே அது குளிர்ந்து நீராகிவிடக் கூடாது. தண்ணீருக்கு மேலே இருக்கும் வயிற்றுப் பகுதியில் சவ்வு நன்றாக வேலை செய்யும். குளிர்நீருக்குள் அழுந்திய காலில் அதன் வேலை வெகுவாகக் குறையும். இன்னொன்று: நீரழுத்தம் துணியைக் காலோடு சேர்த்து நெருக்கி, இடையில் உள்ள காற்றை வெளியேற்றிவிடுகிறது. காற்று போனால் கதகதப்பும் போகும். மெல்லிய சவ்வுத்துணி தண்ணீரை மட்டுமே தடுக்கும், குளிரைத் தடுக்காது. குளிரைத் தடுப்பது உள்ளே நாம் போடும் கம்பளியும் ஃபிளீஸும்தான். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைக் குடித்தாலும் ஈரமாக உணரப்படாது. பருத்தி நேர்மாறு. டெனிம் காற்சட்டையோடு வேடர்ஸுக்குள் புகுகிறவரை நான் கண்டால் கட்டாயம் நிறுத்திச் சொல்வேன்.

நியோப்ரீன் இதற்கு எதிர்வழியில் போகிறது. டுபொன்ட் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் 1930இல் பிறந்த செயற்கை றப்பர் அது. அதை நுரையாக்கினால், ஒவ்வொன்றும் தனித்தனியே மூடிய ஆயிரமாயிரம் நைதரசன் குமிழிகள் உள்ளே சிறைப்படும். தண்ணீர் நெருக்கினாலும் அந்த வாயு எங்கும் ஓட முடியாது. ஒரு மீற்றர் ஆழத்தில் குமிழிகள் பத்திலொரு பங்குகூடச் சுருங்காது. வெப்பக் கடத்தலில் இந்த நுரை தண்ணீரின் பத்திலொரு பங்கு அளவுக்கே வரும். 5 மில்லிமீற்றர் நியோப்ரீன் வேடர்ஸ் போட்டவர் சனவரியில் அசையாமல் இரண்டு மணி நேரம் நிற்கலாம். ஆனால் அது துளிகூடச் சுவாசிக்காது. அதைப் போட்டுக்கொண்டு ஒரு கிலோமீற்றர் நடந்தால் புட்டுப்பானைக்குள்ளேயே இறங்கியதுபோல இருக்கும்.

எதை வாங்குவது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது மாதத்தை அல்ல: நீங்கள் நடப்பீர்களா, நிற்பீர்களா? ஆறு நெடுகக் குழிக்குக் குழி நடந்து பிடிப்பவருக்குச் சவ்வுத்துணிதான். அதை ஓர் அளவு பெரிதாக வாங்கி, உள்ளுடுப்பைக் கூட்டியும் குறைத்தும் ஒன்பது மாதம் ஓட்டலாம். ஏரி முகத்துவாரத்தில் ஒரே இடத்தில் உறைந்து நிற்பவருக்கு நியோப்ரீன். ஸ்காபரோவின் ஹைலாண்ட் கிறீக் போன்ற சிற்றோடைக்குத் தொடைவரை ஏறும் றப்பர் சப்பாத்தே காணும். யூலையில் ஓடைகள் சூடேறிக் கிடக்கும்போது எதுவுமே வேண்டாம், அரைக்காற்சட்டையும் பிடிமானமுள்ள சப்பாத்தும் போதும். அந்த நாட்களில் தண்ணீர் 20 பாகையைத் தாண்டினால் திரவுட்டைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிட வேண்டும். அதற்கு அப்போது மூச்சுக்கே பிராணவாயு போதாது.

நாட்காட்டியை நம்பி ஏமாறும் இடமும் உண்டு. ஃபெர்கஸ் ஊருக்கு மேலே கிராண்ட் ஆற்றை மறித்து 1942இல் கட்டிய ஷாண்ட் அணை, நீர்த்தேக்கத்தின் அடியிலிருந்து தண்ணீரைத் திறந்துவிடுகிறது. கோடையிலும் அடிநீர் குளிராகவே இருக்கும். அதனால்தான் அங்கே பழுப்புத் திரவுட் வாழ முடிகிறது. கரையில் 30 பாகை வெயிலில் வியர்த்துக்கொண்டே, முழங்காலுக்குக் கீழே விறைத்துப் போய் நின்றிருக்கிறேன். காற்றைப் பார்த்து உடுத்திப் போனதன் பலன். இப்போதெல்லாம் பையில் ஒரு சிறு வெப்பமானி கிடக்கும். முதலில் அது தண்ணீருக்குள் இறங்கும், பிறகுதான் நான்.

காலுக்கு மட்டும் தனியே ஒரு வார்த்தை. குளிருமென்று மூன்று சோடி மேசு போட்டு, சப்பாத்தை இறுக்கிக் கட்டுபவர்களுக்குத்தான் கால் முதலில் விறைக்கும். இறுக்கம் இரத்த ஓட்டத்தை நெரிக்கும், மேசுக்குள் இருக்கும் காற்றையும் பிழிந்துவிடும். ஒரு தடித்த கம்பளி மேசு, விரல்கள் அசைய இடம், அவ்வளவே.

பாசி படிந்த கல்லில் சப்பாத்தின் நார் அடி, அதாவது ஃபெல்ட், றப்பரைவிட நன்றாகப் பிடிக்கும். ஆனால் பனியில் நடந்தால் ஈரமான ஃபெல்டில் பனி திரண்டு கட்டியாகி, பொய்க்காலில் நடப்பதுபோல ஆகும். இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. ஃபெல்ட் காய நாட்கணக்காகும். அந்த ஈரத்தில் நுண்ணுயிர்கள் ஓர் ஆற்றிலிருந்து அடுத்த ஆற்றுக்குப் பயணம் போகும். நியூசிலாந்தின் தென்தீவில் 2004இல் டிடிமோ என்ற பாசி தென்பட்டது. ஆற்றடியைச் சாக்குப்போல மூடிவிடும் பாசி அது. 2008இல் அந்த நாடு ஃபெல்ட் அடிகளைத் தடைசெய்தது. யெலோஸ்டோன் தேசியப் பூங்காவும் 2018இல் தடைசெய்தது. பார்க்க ஒன்றும் தெரியாத ஈரத்துக்கு அவ்வளவு வலு. நான் ஆணி பதித்த றப்பர் அடிக்கு மாறிவிட்டேன். ஆறு மாறும்போது கழுவி, முழுதாய்க் காயவிடுவேன்.

இடுப்பில் கட்டும் பட்டியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வேடர்ஸுக்குள் தண்ணீர் புகுந்தால் ஆளைக் கல்லாய் அடியில் இழுத்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். அது சரியல்ல. தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடையில்லை. அமெரிக்கத் தூண்டில்காரர் லீ வுல்ஃப் 1940களிலேயே வேடர்ஸ் போட்டுக்கொண்டு பாலத்திலிருந்து ஆற்றில் குதித்து, நீந்திக் கரையேறிக் காட்டினார். எடை தெரிவது கரையேறும்போதுதான்: ஒவ்வொரு லீற்றரும் ஒரு கிலோ. பட்டியை இறுக்கிக் கட்டியிருந்தால் உள்ளே புகும் நீர் குறையும், காலில் சிறைப்பட்ட காற்றும் மிதக்க உதவும். ஆளைக் கொல்வது எடையல்ல, குளிர். மனிற்றோபாப் பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிறெக்ற் இதை 1, 10, 1 என்று சொல்லிக் கொடுப்பார். விழுந்ததும் மூச்சை அடக்கிக்கொள்ள 1 நிமிடம், கைகால் சொற்கேட்கும் 10 நிமிடம், நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். பதற்றத்தில் முதல் நிமிடத்திலேயே தண்ணீரைக் குடித்துவிடுபவர்கள் அடுத்த பத்து நிமிடத்தைக் காண்பதில்லை.

விழாமலிருக்க ஒரு கணக்கும் உண்டு. அமெரிக்கப் புவியியல் அளவைத் துறையில் ஆற்றோட்டத்தை அளப்பவர்கள் பின்பற்றுவது அது. ஆழத்தை அடியிலும் வேகத்தை விநாடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்துப் பெருக்கினால் 10 வரக் கூடாது. ஓர் இலையைத் தண்ணீரில் போடுங்கள். அது 10 அடி போக 3 விநாடி எடுத்தால், 3 அடி ஆழமே எல்லை. வேகம் இரட்டித்தால் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். மழைக்கு அடுத்த நாள் அதே துறையில் அதே ஆழத்தில் நின்றவர்கள் விழுவது இதனால்தான்.

அடுத்த சனிக்கிழமையும் கனரஸ்காவுக்குப் போனோம். அண்ணை வேடர்ஸைச் சுருட்டி முதுகில் போட்டுக்கொண்டார். ஜாக்கெட் பைக்குள். மெல்லிய சட்டையோடு, கொஞ்சம் குளிரக் குளிர நடந்தார். கரைக்கு வந்து வியர்வை ஆறிய பிறகுதான் கம்பளியை மாட்டி, வேடர்ஸை ஏற்றி, பட்டியைக் கட்டினார். ஒரு மணி நேரம் கழித்துக் கையை உள்ளே விட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, வெளியே எடுத்த கையை எனக்குக் காட்டினார். காய்ந்திருந்தது.

நான் குறுக்கே நடந்து எதிர்க்கரைக்குப் போகப் பார்த்தேன். முன்னால், சுற்றிலும் பாசி படிந்து கறுத்த கற்களுக்கு நடுவே, பாய் விரித்த அளவுக்கு ஓர் இடம் மட்டும் கழுவிவிட்டதுபோல வெளுத்திருந்தது. ஒக்டோபரில் சினூக் சமன் பெண்மீன் வாலால் அடித்துத் தோண்டிய கூடு அது. தாய் செத்துப்போயிருக்கும். முட்டைகள் சரளைக்கு அடியில் வசந்தம்வரை கிடக்கும். மொன்டானாவில் 1992இல் வெளியான ஓர் ஆய்வில், திரவுட் முட்டைகள் கிடந்த சரளையை நாளுக்கு இருமுறை மிதித்தபோது நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டவை செத்தன. அதை வரும் வழியில் காரில் அண்ணையிடம் சொல்லியிருந்தேன்.

அண்ணை கையிலிருந்த ஊன்றுகோலை நீட்டி என்னை மறித்தார்.

"உதுக்குள்ள குஞ்சுகள் கிடக்கும். இஞ்சால, கல்லுப் பக்கத்தால வா."