விண்ணிலிருந்து விழுந்தது எது?

உத்திரமேரூரை அடுத்த சிற்றூர் ஒன்றின் வயலில், பேரோசையுடன் ஒரு பொருள் விழுவதாக வைத்துக்கொள்ளலாம். செய்தி முதலில் கிராம நிர்வாக அலுவலரையும் காவல் நிலையத்தையும் சென்றடையும். அவர்கள் முன் எழும் வினா ஒன்றே: விழுந்தது எது?

அவ்வினாவின் விடையைப் பொறுத்தே பொறுப்பும் அமைகிறது. அது விண்கல்லாயின், இயற்கையின் செயல், எவரும் பொறுப்பாகார். ஏவுகலத்தின் சிதைவாயின், 1972ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்படிக்கையின்படி ஏவிய நாடே இழப்பீடு வழங்க வேண்டும். விண்ணிலிருந்து எதுவும் விழாமல் தரையிலிருந்த வெடிபொருளே வெடித்திருப்பின், அதனை அங்கு வைத்தவர் சட்டத்தின்முன் விடை கூற வேண்டும்.

தமிழ்நாட்டில் நிகழ்ந்த இரு நிகழ்வுகள் இதனை விளக்கும். 2008 செப்டம்பர் 12 அன்று காலை, கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரிப் பகுதியில் கற்கள் விழுந்தன. அவற்றின் மொத்த எடை ஏறத்தாழ 110 கிலோகிராம். ஆய்வாளர்கள் அவற்றை இரும்பு குறைந்த காண்ட்ரைட் வகை விண்கல் என வகைப்படுத்தினர். விண்கல்லை அறிய உதவும் சான்றுகள் சில உள. காற்று மண்டலத்தைக் கடக்கையில் மேற்பரப்பு உருகி உறைவதால் உண்டாகும் மெல்லிய கரிய ஓடு ஒன்று. நிக்கல் கலந்த இரும்புத் துகள்கள் மற்றொன்று. இந்தியாவில் விழும் விண்கற்களைப் பாதுகாக்கும் பொறுப்பு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினுடையது.

2016 பிப்ரவரி 6 அன்று, அந்நாளைய வேலூர் மாவட்டத்தின் நாட்றம்பள்ளி அருகே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் பெருவெடிப்பு நிகழ்ந்தது. பேருந்து ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார், சிலர் காயமுற்றனர். விண்கல்லே காரணம் என மாநில அரசு மறுநாளே அறிவித்து, இழப்பீடும் வழங்கியது. இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் நேரில் சென்று ஆராய்ந்தனர். ஆயினும், படங்களைக் கண்ட நாசா அறிவியலாளர்கள், அது தரையில் நிகழ்ந்த வெடிப்பையே ஒத்திருப்பதாகக் கருதினர். சிறு விண்கற்கள் காற்றின் தடையால் வேகம் இழந்தே தரையை அடைகின்றன. அவை தரையில் வெடிப்பதில்லை. விரைந்து அளிக்கப்பட்ட விடை இவ்வாறு ஐயத்திற்கு உள்ளாயிற்று. உயிரை இழந்த குடும்பத்துக்கு இழப்பீட்டைப் போலவே உண்மையும் உரியது.

ஆதலின் அச்சிற்றூரார் செய்யத்தக்கவை எளியவை. ஏவுகலச் சிதைவில் நச்சு எரிபொருள் எஞ்சியிருக்கலாம் என்பதால், பொருளைத் தொடலாகாது. குழியைக் கலைக்கலாகாது, துண்டுகளை நினைவுப்பொருளாக எடுத்துச் செல்லலாகாது. கண்ட நேரத்தையும் திசையையும் குறித்துவைத்து, உடனே அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். கலையாத சான்றே ஆய்வாளருக்கு உண்மையைக் காட்டும்.